இரண்டாவது சமக்குறிக்குக் கீழே

ஒரு சமன்பாட்டுக்கு எண் போட வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பின்னால் எங்காவது அதைக் குறிப்பிட்டால் போடு, இல்லாவிட்டால் போடாதே. திருவனந்தபுரத்தில் அச்சுக்கோப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்ற பாடம் அது. கணிதப் பக்கங்களை அச்சுக்கு அமைக்கிற லாடெக் மென்பொருள் வேலைக்குப் பேர்போன நகரம் அது. லாடெக்குக்கு அடிப்படை டெக் என்ற மென்பொருள். இந்திய டெக் பயனர் குழு 1998இல் அங்கேதான் தொடங்கியது. 2002இல் உலக டெக் பயனர்களின் ஆண்டு மாநாடும் அங்கே நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் மூத்தவர்கள் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். எண் குறைந்த பக்கம் தெளிந்த பக்கம் என்று நம்பினேன். வலது ஓரம் முழுக்க எண்கள் நின்றால் எது முக்கியமான வரி என்று படிப்பவருக்குத் தெரியாது என்று எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஆண்டு மாசியில் ஓர் இரவு வந்த தொலைபேசி அழைப்பு அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய்விட்டது. அது எப்படிப் போனது என்று எழுதிப் பார்த்தால்தான் மனம் அடங்கும் போலிருக்கிறது.

சார் போட்ட எண்கள்

எட்டு வருடம் திருவனந்தபுரத்தில் இருந்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பிவிட்டேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, மேல்படிப்புக்குக் கோயம்புத்தூர் என்று நாள் நகர்கிற ஊர். மாடி அறையில் ஒரு மேசை, ஒரு கணினி. ஆய்வேடுகளும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் அங்கேதான் அச்சுக்குத் தயாராகின்றன. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னலை அறையும்போது தாள்களின்மேல் கல்லை வைத்துவிட்டு வேலை பார்க்க வேண்டும்.

எனக்குப் பட்டப்படிப்பில் கணிதம் சொல்லித்தந்த சார் ஓய்வு பெற்ற பிறகு ஒரு காரியம் செய்தார். தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரியில் திணறுகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக, ஒரு சார்பைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதுகிற ஃபூரியர் தொடர்களைப் பற்றித் தமிழில் பாடக்குறிப்பு எழுதினார். நீள நோட்டுகளில், நீல மையில், 160 பக்கம். ஒவ்வொரு சமன்பாடும் தனி வரியில், நடுவில். ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் அடைப்புக்குறிக்குள் எண். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் இயலில் மட்டும் 61 எண்கள். அவற்றில் அவரே பின்னால் குறிப்பிடுவது 19. நோட்டை எடுத்துக்கொண்டு போய், “சார், மீதி 42 எண்களுக்கு இங்கே வேலை இல்லை” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டைப் பார்த்தார். “வேலை இல்லையா?” என்று கேட்டார். பிறகு, “நீ இந்தத் தொழிலில் இருந்து வந்தவள். உன் விருப்பப்படி செய்” என்றார். அந்த ‘வேலை இல்லையா’வில் ஒரு கேள்வி இருந்தது. அதற்குள் நான் பை ஜிப்பை மூடத் தொடங்கியிருந்தேன்.

லாடெக்கில் இதற்கு ஒரு நட்சத்திரக் குறி போதும். வரிகளை நேர்ப்படுத்துகிற கட்டளையான ‘அலைன்’ என்று எழுதினால் வரிக்கு வரி எண் வரும். ‘அலைன்’ பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தால் எல்லா எண்ணும் மறையும். ‘மேத்டூல்ஸ்’ தொகுப்பில் இன்னும் சுலபம்: குறிப்பிடப்பட்ட சமன்பாடுகளுக்கு மட்டும் எண் காட்டு என்று முகப்பிலேயே ஒரு கட்டளை கொடுத்துவிடலாம். சார் கையால் போட்ட நாற்பத்திரண்டு எண்களும் இரண்டாம் இயலில் இருந்து ஒரே நொடியில் போயின. பக்கம் வெள்ளையாக, விசாலமாக இருந்தது. அன்று எனக்கு மகிழ்ச்சிதான்.

சமக்குறிகளின் கோடு

எண் விஷயத்தில் நான் தவறியிருக்கலாம். நேர்ப்படுத்துவதில் அன்று நினைத்ததையே இன்றும் நினைக்கிறேன். ஒரு விடையைப் படிப்படியாகப் பெறுகிற நீண்ட வருவிப்பில் சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும். இடப்பக்கம் எது மாறவில்லை, வலப்பக்கம் எது மாறியது என்று தானாகவே ஒப்பிடும். அந்தக் கோடு ஓர் இடத்தில் அரை எழுத்து அகலம் விலகினாலும் படிப்பவர் நிற்பார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியாது.

சாரின் முதல் இயலை ஒரு பழைய மாணவர் ஏற்கெனவே தட்டச்சிட்டுக் கொடுத்திருந்தார். முழுக்க முழுக்க ‘இக்யூஎன்அரே’. லாடெக்கோடு பிறந்த பழைய வழி அது. மூன்று பத்திகள் கொண்ட அட்டவணைபோல நடந்துகொள்ளும், நடுப்பத்தியில் சமக்குறி. அட்டவணைப் பத்திகளுக்கு இடையே விடுகிற இடைவெளியைச் சமக்குறியின் இருபுறமும் விட்டுவிடும். கணினி அறிஞர் டொனால்டு கனூத் 1977இல் தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்துதான் டெக்கை உருவாக்கத் தொடங்கினார். சமக்குறியின் பக்கத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதைக்கூட அவர் வரையறுத்து வைத்தார்: எழுத்தின் அளவையொட்டிய அலகான ஓர் ‘எம்’ அகலத்தில் பதினெட்டில் ஐந்து பங்கு, தேவைப்பட்டால் கொஞ்சம் விரியலாம். இக்யூஎன்அரே அதை மதிப்பதில்லை. ஒரே பக்கத்தில் தனிச் சமன்பாட்டில் சமக்குறி நெருங்கி நிற்கும். அடுத்துவரும் வருவிப்பில் ஆளில்லாத திண்ணைபோல இருபுறமும் வெறிச்சென்று இருக்கும். சமன்பாடு நீண்டுவிட்டால் எண்ணின்மேலேயே ஏறி அச்சாகவும் செய்யும். முதல் இயலில் அப்படி மூன்று இடங்கள் இருந்தன. சார் அவற்றின்மேல் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் அலைனுக்கு மாற்றினேன். அதில் & குறியைச் சமக்குறிக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் சமக்குறி வலப்பக்க இடைவெளியை இழந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னால் பலரும் சின்ன விஷயம் என்பார்கள். ஒரு புத்தகத்தில் இருநூறு சமக்குறிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது சின்ன விஷயமில்லை. வரியை உடைப்பதும் அப்படித்தான். உரைநடைக்குள் வருகிற சமன்பாடு கூட்டல் குறிக்குப் பின்னால் உடையும்; தனி வரியில் வருகிற சமன்பாட்டைக் கூட்டல் குறிக்கு முன்னால் உடைக்க வேண்டும். புது வரி கூட்டல் குறியோடு தொடங்கினால்தான் ‘இது மேல்வரியின் தொடர்ச்சி, புதிய படி அல்ல’ என்பது தெரியும். அந்தக் கூட்டல் குறியைச் சமக்குறிக்கு நேர்கீழே நிறுத்தாமல் சற்று உள்ளே தள்ளி வைப்பேன். சமக்குறிகளின் கோட்டில் சமக்குறி மட்டும்தான் நிற்கலாம். இந்த வேலைக்கு மட்டும் ஒன்றரை மாதம் ஆனது. எந்த இடத்திலும் சலிப்பு வரவில்லை.

சிறு புத்தக அளவில் நாற்பது படிகள் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். எல்லையோரத்து வேலந்தாவளத்தில் இருக்கிற என் அண்ணன் மகளுக்கும் ஒன்று.

மாசியில் ஓர் இரவு

அவள் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மறுநாள் தேர்வு. இரவு ஒன்பதே முக்காலுக்கு அழைத்தாள். எல்லையில் இருக்கிற வீடுகளில் கைபேசிக்கு நிலை கிடையாது. ஒரு நிமிடம் தமிழ்நாட்டுக் கோபுரம், அடுத்த நிமிடம் கேரளத்துக் கோபுரம், நடுவில் அமைதி.

“அத்தை, அந்த மைனஸ் எங்கே போனது?”

“எந்த மைனஸ்?”

“‘ஆகவே’ என்று போட்டிருக்கிறதே, அதற்குக் கீழே இருக்கிற சமன்பாட்டில்.”

சார் எழுத்தில் ‘ஆகவே’ ஏராளம். பக்க எண் கேட்டேன். 47 என்றாள். என் திரையில் இருந்தது ஏ4 அளவில் எடுத்த வரைவு. அதில் 47ஆம் பக்கத்தில் ஓர் அலைவரைபடம்தான் இருந்தது. மேலிருந்து எத்தனையாவது சமன்பாடு என்று கேட்டேன். மூன்றாவது என்றாள். அவள் ஐந்து வரி வருவிப்பை ஒரு சமன்பாடாக எண்ணியிருந்தாள். நான் வரிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு வேறெங்கோ நின்றேன். இதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி வந்தபோது அவள் குரலில் அழுகை எட்டிப்பார்த்தது. “இதற்கு ஒரு எண் இருந்தால் சொல்லியிருப்பேனே அத்தை” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

எண் இருந்தது. சாரின் நோட்டில் இருந்தது. நான் எடுத்துவிட்டேன்.

மேலும் இரண்டு முறை தொடர்பு அறுந்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. “கொசைன் வருகிற இடத்திலிருந்து சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்குகிறதா?” என்று கேட்டேன். “ஆமாம், ஐந்து.” “இரண்டாவது சமக்குறிக்கு நேர்கீழே விரலை வை.” வைத்தாள். நானும் வைத்தேன். முதல்முறையாக இருவரும் ஒரே வரியில் நின்றோம்.

அந்த வரி இதுதான். எக்ஸ் வர்க்கத்தைக் கொசைன் என்எக்ஸால் பெருக்கி, மைனஸ் பையிலிருந்து பை வரை தொகையிடுகிறோம். பகுதித் தொகையிடல் ஒருமுறை செய்தால் முன்னால் ஒரு மைனஸ் வரும். இன்னொரு முறை செய்யும்போது சைனைத் தொகையிட வேண்டும். சைனின் தொகையீடு மைனஸ் கொசைன். இரண்டு மைனஸும் சந்தித்து மூன்றாவது வரியில் ப்ளஸ் ஆகிவிடுகின்றன. அதே நேரத்தில் கொசைனின் தொகையீடு இரு எல்லைகளுக்கும் இடையே பூச்சியமாகி மறைகிறது. ஒரே படியில் இரண்டு காரியம். இரண்டாவது காரியத்தைத்தான் அவள் கவனித்தாள், முதலாவதைக் காணவில்லை. சொன்னதும் பிடித்துக்கொண்டாள். விளக்கம் இரண்டு நிமிடம். வரியைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம்.

அந்தக் குறி சாதாரணமானதும் அல்ல. அங்கிருந்துதான் தொடரின் கெழுக்கள் வருகின்றன; எக்ஸின் இடத்தில் பையைப் போட்டால் ஒன்று, நாலில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று போகிற கூட்டுத்தொகை பை வர்க்கத்தின் ஆறில் ஒரு பங்கு என்ற கணிதர் ஆய்லரின் விடை கிடைக்கிறது. மைனஸைத் தவறவிட்டால், மிகை எண்களை மட்டும் கூட்டிக் குறை எண் கிடைத்ததாக முடியும். அவள் அப்படித்தான் ஒரு தாளில் முடித்து வைத்திருந்தாள். அதனால்தான் அந்த நேரத்தில் அழைத்தாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு மாடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் எண்ணியதெல்லாம் சார் எத்தனை முறை அந்த எண்களைப் பயன்படுத்துகிறார் என்பதை. பிள்ளைகள் எத்தனை முறை பயன்படுத்தப்போகிறார்கள் என்பதை எண்ணவில்லை. அது கோப்புக்குள் இருக்கிற கணக்கு இல்லை. எந்த மென்பொருளும் அதை எண்ணித் தராது. பிள்ளைகளுக்கு எந்த வரி குழப்பும் என்பது எழுதியவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பார். ஆக, எண் இல்லாமல் விடுகிற வரிகளில்தான் கேள்வி பிறக்கும். சார் ‘வேலை இல்லையா’ என்று கேட்டது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எண்ணும் பெயரும்

இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1989 அக்டோபரில் ‘பிசிக்ஸ் டுடே’ இதழில் சமன்பாடுகளை எழுதுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று விதிகள். தனி வரியில் வருகிற எல்லாச் சமன்பாட்டுக்கும் எண் போடு. நீ குறிப்பிடாவிட்டாலும் உன்னைப் படிக்கிறவர் குறிப்பிட விரும்பலாம். ஒரு சமன்பாட்டை எண்ணால் சுட்டும்போது அது எது என்று இரண்டு சொல்லும் சேர்த்துச் சொல்; படிப்பவரைப் பின்னால் புரட்ட வைக்காதே. சமன்பாடும் உரைநடையே, அதற்கு நிறுத்தக்குறி போடு. திருவனந்தபுரத்தில் இருந்தபோதே இதைப் படித்திருக்கிறேன். பின்னிரண்டையும் ஏற்றுக்கொண்டு முதலாவதை மட்டும் ஒதுக்கினேன். முதலாவது அலங்காரம் என்றும் மற்ற இரண்டும் மரியாதை என்றும் நினைத்தேன். மூன்றும் ஒரே மரியாதைதான்.

இரண்டாவது விதி நமக்குப் புதிதில்லை. பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பாட்டின் அடியையே எடுத்துச் சொல்வார்கள். அடைப்புக்குறிக்குள் எண் சேர்த்தவர்கள் பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டுக்குள் இருக்கிற ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற தொடரையே பெயராக்கி அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். நாற்பது என்ற எண் பாட்டைத் தேடி எடுக்க உதவும். பாட்டு நினைவில் நிற்பது அந்தப் பெயரால். மலையாளத்தில் பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷா’ என்ற கணித நூலைப் பற்றிச் சார் அடிக்கடி சொல்வார். கேரளக் கணிதர் மாதவரின் முடிவிலாத் தொடர்களுக்கு அதில் முழு நிரூபணம் இருக்கிறது. இன்று நாம் எழுதுகிற மாதிரிச் சமன்பாடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் உரைநடை, எல்லாம் பெயர். பாரதப்புழைக்கரை வீடுகளில் குருவும் சீடரும் எதிரெதிரே உட்கார்ந்து படித்த காலம். நேரில் இருந்தால் விரல் வைத்துக் காட்டலாம், எண் வேண்டாம். எங்கள் நாற்பது படிகளைப் படிக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எதிரில் இல்லை.

அப்பாவின் நிலம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். ஆதாரத்தில் ஒரு சர்வே எண், ரீசர்வேக்குப் பிறகு வேறோர் எண், பாகம் பிரித்தபோது அதற்குக் கீழே உட்பிரிவு. வரி கட்டப் போகும்போதெல்லாம் இரண்டு எண்ணையும் எழுதிய தாளை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வீட்டில் அது எப்போதும் ‘வேப்பமரத்துக் காடு’தான். மரம் விழுந்து பத்து வருடம் ஆகிறது. பெயர் அப்படியே இருக்கிறது. லாடெக்கில் ‘லேபிள்’ என்பது இந்தப் பெயர்தான். வருவிப்புக்குள் அந்த வரிக்கு நாம் ஒரு பெயர் வைக்கிறோம். முதல் ஓட்டத்தில் அது இன்ன எண் என்று ஒரு துணைக்கோப்பில் குறித்துக்கொள்கிறது. இரண்டாவது ஓட்டத்தில் அந்த எண்ணை எடுத்துச் சுட்டிய இடத்தில் வைக்கிறது. முதல் ஓட்டத்தில் அங்கே ?? என்று இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும். நடுவில் ஒரு சமன்பாட்டைச் சேர்த்தாலும் எடுத்தாலும் எண் எல்லாம் தானே மாறும், பெயர் மாறாது. எண்ணைக் கையால் தட்டச்சுச் செய்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு வரியை நீக்கிவிட்டு, அதன்பின் வருகிற எல்லாச் சுட்டலும் ஒவ்வொன்று தள்ளி நிற்பதைத் தேர்வாளர் கண்டுபிடித்த ஆய்வேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

திரும்பப் போட்டது

அடுத்த வாரம் சார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எண்களைத் திரும்பப் போடப்போகிறேன் என்றேன். “நாற்பத்திரண்டையுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையசைத்துவிட்டு வேறு எதுவும் சொல்லாமல் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார்.

நட்சத்திரத்தை எடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. நட்சத்திரம் போனதும் ஐந்து வரி வருவிப்பில் ஐந்து எண்கள் வந்தன. சாரின் நோட்டில் அந்த ஐந்துக்கும் சேர்த்து ஓர் எண்தான். எது ஒரு சமன்பாடு? அன்று இரவு அண்ணன் மகளும் நானும் வெவ்வேறு இடத்தில் நின்றதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். ‘ஸ்ப்ளிட்’ பயன்படுத்தினால் முழு வருவிப்புக்கும் ஓர் எண் கிடைக்கும். அது வழக்கமாக உயரத்தின் நடுவில் நிற்கும், கேட்டுக்கொண்டால் கடைசி வரிக்கு இறங்கும். ஆனால் மூன்றாவது வரியை எப்படிச் சுட்டுவது? இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில், ஒரு வருவிப்புக்கு ஓர் எண், உள்வரிகளுக்கு அதன்கீழ் எழுத்து என்று முடிவு செய்தோம். ‘சப்ஈக்வேஷன்ஸ்’ தானாக ஆங்கில எழுத்தைத்தான் போடும். சார் அதை ஏற்கவில்லை. அ, ஆ, இ என்று வரும்படி மாற்றி எழுதினேன். அலைனின் முதல் வரியான 2.14அவில் முதல் சமக்குறி, 2.14ஆவில் இரண்டாவது, 2.14இயில் அந்த ப்ளஸ்.

எண்கள் திரும்பியதும் வலது ஓரத்தில் இடம் சுருங்கியது. சிறு புத்தக அளவில் நீண்ட வரிகளின் எண்கள் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டன. ஒவ்வொன்றாக எடுத்து, கூட்டல் குறிக்கு முன்னால் மறுபடி உடைத்தேன். வருவிப்பு பக்க எல்லையில் உடையலாம் என்று அனுமதி கொடுக்காவிட்டால் முழுவதுமாக அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும், பின்னால் பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கும். அனுமதி கொடுத்தால் ஒற்றை வரி அனாதையாக மேலே நிற்கும். இதையெல்லாம் கையால்தான் தீர்க்க முடியும்.

இதற்கு நடுவே சார் மூன்றாம் இயலில் ஒரு படி விட்டுப்போனதைக் கண்டார். 3.8க்கும் 3.9க்கும் இடையே ஒரு சமன்பாடு சேர வேண்டும். சேர்த்தால் அதற்குப் பின் வருகிற எண் எல்லாம் ஒன்று கூடும். மென்பொருளுக்கு அது நொடிப் பொழுது. ஆனால் மூன்றாம் இயலில் முதல் பதிப்பிலேயே எண்களை எடுக்காமல் வைத்திருந்தேன். நாற்பது பிள்ளைகளில் பலர் ஓரக் குறிப்பில் அந்த எண்களை எழுதியிருந்தார்கள். “புறநானூற்றில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. அதற்காக 269ஐ யாராவது 267 ஆக்கினார்களா?” என்றார் சார். எண்ணைக் கையால் கொடுக்கிற ‘டேக்’ கட்டளையால் புதிய படிக்கு 3.8அ என்று கொடுத்தேன். அதற்குப் பின் எதுவும் நகரவில்லை.

மெய்ப்பு தயாரானதும் அண்ணன் மகளுக்கு முதலில் கொடுத்தேன். தன் பழைய படியையும் எடுத்துவந்தாள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. எண்ணில்லாத அந்தப் பக்கங்களில் அவளே பென்சிலால் ஓரமெல்லாம் எண் போட்டு வைத்திருந்தாள், தனக்குத் தெரிந்த கணக்கில், ஒன்றிலிருந்து தொடங்கி. ஐந்து சமக்குறிகள் இறங்குகிற அந்த இடத்தில் மட்டும் எண் இல்லை. மூன்றாவது வரிக்கு நேராக, ‘இரண்டு மைனஸும் சந்திக்கிற வரி’ என்று எழுதியிருந்தாள்.

சாரிடம் காட்டினேன். அடுத்த இயலில் புதிதாகச் சேர்த்த படியில் அந்த வரியைக் குறிப்பிடுகிற இடத்தில் ‘2.14இயின்படி’ என்று மட்டும் இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘இரண்டு மைனஸும் சந்திக்கிற வரியின்படி (2.14இ)’ என்று நீல மையில் எழுதிக்கொடுத்தார். அப்படியே அச்சில் போட்டிருக்கிறேன்.